ஃப்ரின்டன் மேட்டிலிருந்து தெரிந்த கப்பல்: கடற்கொள்ளை வானொலிக் கரையில் ஆறு நாள்

நாள் 1 – ஹாரிச்

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறி, மானிங்ட்ரீயில் கிளை ரயிலுக்கு மாறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் ஹாரிச் டவுன். பாதை அங்கேயே முடிகிறது. கொஞ்சம் நடந்தால் ஹேப்பென்னி பியர் என்ற பழைய மரத்துறை. பக்கத்திலேயே சிவப்பு உடம்போடு எல்.வி.18 என்ற கலங்கரைக் கப்பல் கட்டிக் கிடக்கிறது. இப்போது அது அருங்காட்சியகம். 2004, 2007, 2009 ஆகிய ஆண்டுகளில் பிபிசி எசெக்ஸ் இதே கப்பலிலிருந்துதான் பழைய கடற்கொள்ளை வானொலியை, அதாவது உரிமம் இல்லாமல் கடலிலிருந்து ஒலிபரப்பிய நிலையங்களை, சில நாட்களுக்கு மறுபடி நடத்திக் காட்டியது.

இந்த ஆறு நாள் பயணம் ஒருவருடைய தொழிலைப் பின்தொடர்ந்து போகிறது. அவர், வானொலியில் இசைத்தட்டு போட்டுப் பேசும் டிஸ்க் ஜாக்கி (டிஜே) ஜானி வாக்கர். இயற்பெயர் பீட்டர் டிங்லி. 1945 மார்ச் 30இல் பர்மிங்காம் அருகே பிறந்தவர். 1966இல் கடலுக்குப் போய் மைக் முன் உட்கார்ந்தவர், 2024 அக்டோபர் 27இல்தான் எழுந்தார். 58 ஆண்டு. அதில் கடலில் கழிந்தது இரண்டு ஆண்டுக்கும் குறைவு. ஆனால் மீதி ஐம்பத்தாறு ஆண்டும் அவர் பேசிய விதத்தை அந்த இரண்டு ஆண்டுதான் வார்த்தது. அது எப்படி என்று பார்க்க, கப்பலையும் நங்கூரத்தையும் ஏரியலையும் டீசலையும் பார்க்க வேண்டும். குரலை மட்டும் கேட்டால் பாதிதான் புரியும்.

முதலில் காரணம். அப்போது பிரிட்டன் மண்ணில் பிபிசியைத் தவிர வேறு வானொலி கிடையாது. அதிலும் இசைத்தட்டு ஒலிபரப்ப ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் என்று இசைத்தட்டு நிறுவனங்களோடும் இசைக்கலைஞர் சங்கத்தோடும் ஒப்பந்தம் இருந்தது. ‘ஊசி நேரம்’ என்பார்கள். அந்த அளவு தீர்ந்துவிட்டால் புதுப் பாட்டை பிபிசியின் சொந்த இசைக்குழு வாசித்துக் காட்டும். இளைஞர்களுக்கு வேண்டியதோ அசல் தட்டு. கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது சுமார் 5.5 கிலோமீட்டர் தாண்டினால் பிரிட்டிஷ் சட்டம் எட்டாது. அந்த இடைவெளியில்தான் ரோனன் ஓ'ரஹிலி என்ற அயர்லாந்து இளைஞர் 1964 மார்ச் 28, ஈஸ்டர் சனிக்கிழமை, ரேடியோ கரோலைனைத் தொடங்கினார். பழைய டேனிஷ் பயணிகள் கப்பல் ஃப்ரெடெரிசியாவை, தன் குடும்பத்துக்குச் சொந்தமான கிரீனோர் துறைமுகத்தில் வைத்து வானொலிக் கப்பலாக மாற்றியிருந்தார். அது முதலில் நின்றது இங்கிருந்து ஆற்றுமுகத்துக்கு அக்கரையில் உள்ள ஃபீலிக்ஸ்டோவுக்கு எதிர்க்கடலில். பருவ காலத்தில் ஹேப்பென்னி பியரிலிருந்தே ஃபீலிக்ஸ்டோவுக்குச் சிறு படகு ஓடுகிறது. அக்கரைக் கூழாங்கல் கரையில் இறங்கி நின்றால் அந்தக் கடல் முழுதாகக் கண்ணில் விழும்.

டிஜேக்கள் கப்பலுக்குப் போன வழியும் ஹாரிச் வழிதான். டெண்டர் என்ற சிறு படகு டீசல், குடிநீர், உணவு, புதுத் தட்டுகள், நேயர் கடித மூட்டைகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போகும். வெளிநாட்டுக்குப் போவதாகவே கணக்கு. சுங்கச் சோதனை உண்டு, பாஸ்போர்ட்டும் வேண்டும். கரோலைனில் இரண்டு வாரம் கப்பல், ஒரு வாரம் கரை.

ஆபத்தான கட்டம், டெண்டரிலிருந்து கப்பலுக்கு மாறுவது. இரண்டும் வேறு வேறு எடையுள்ள கலங்கள். ஒரே அலைக்கு இரண்டும் ஒன்றாக எழுவதில்லை. டெண்டர் எழும்பி உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது காலைத் தூக்கி வைக்க வேண்டும். இறங்க ஆரம்பித்த பிறகு தாவினால், கீழே போகும் படகு காலுக்கு உந்துதல் தராது. ஆள் இரண்டு கப்பலுக்கும் நடுவில் விழுவார். நடுவில் தொங்கும் டயர்களில் கால் வைக்கக் கூடாது. கையில் பெட்டியோடு தாவவும் கூடாது. பெட்டியைக் கயிற்றில் தனியாக ஏற்ற வேண்டும். காற்று பலத்தால் டெண்டரே வராது. அப்போது இரண்டு வாரம் மூன்று வாரமாக நீளும், இருக்கிற தட்டையே திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

பயணத்துக்கு ஒரு சாமான் சொல்லிவிடலாம்: மத்திய அலை வரும் சின்ன டிரான்சிஸ்டர். கடைசி நாள் வரை தேவைப்படும்.

நாள் 2 – ஃப்ரின்டன்

ஹாரிச்சிலிருந்து மானிங்ட்ரீ, கோல்செஸ்டர் என்று மாறி, வால்டன் போகும் ரயிலில் ஃப்ரின்டன்-ஆன்-சீ. கடலை ஒட்டி நீளமான புல்வெளி மேடு. கீழே மரக் குடிசைகளும் மணலும். இன்றைய நாள் முழுவதையும் இந்த மேட்டுக்கே கொடுத்துவிடலாம்.

வாக்கர் முதலில் சேர்ந்தது ஸ்விங்கிங் ரேடியோ இங்கிலாண்ட். 1966 மே மாதம் லெஸே ஃபேர் என்ற கப்பலில் தொடங்கியது. அதே கப்பலில் பிரிட்டன் ரேடியோ என்ற மென்னிசை நிலையமும் ஓடியது. இரண்டுக்கும் தலைக்கு 50 கிலோவாட் ட்ரான்ஸ்மிட்டர், ஆனால் ஏரியலுக்கான உயர்ந்த கம்பமான மாஸ்ட் ஒன்றே. ஒரே ஏரியலில் இரண்டு அலைவரிசை ஏற்ற வேண்டுமானால், ஒன்றின் சக்தி மற்றதன் ட்ரான்ஸ்மிட்டருக்குள் திரும்பிப் பாயாதபடி இரண்டு வழியிலும் வடிகட்டிச் சுற்றுகள் வேண்டும். உப்பு ஈரத்தில் அவற்றின் கண்டென்சர், காயில் மதிப்பு கொஞ்சம் நகர்ந்தாலே ஒரு நிலையத்தின் பாட்டு மற்றதில் கசியும், பொறி பறக்கும். நிலத்தில் செய்தாலே நுணுக்கமான வேலை. ஆடும் கப்பலில் செய்தது துணிச்சல். விளம்பர வருமானமும் போதவில்லை. ஸ்விங்கிங் ரேடியோ இங்கிலாண்ட் அந்த நவம்பரிலேயே மூடப்பட்டது. அதற்கு முன்பே வாக்கர் கரோலைன் சவுத்துக்கு, அதாவது மி அமிகோ கப்பலுக்கு மாறிவிட்டார்.

மி அமிகோ 1921இல் கீல் நகரில் பாய்மரக் கப்பலாகக் கட்டப்பட்டது. 1964 மே மாதம் ரேடியோ அட்லாண்டாவாக வந்து, ஜூலையில் கரோலைனோடு இணைந்தது. ஃப்ரெடெரிசியா ஐல் ஆஃப் மேன் தீவுக்குப் போய் கரோலைன் நார்த் ஆனது. மி அமிகோ இங்கேயே நின்றது. மேட்டிலிருந்து சுமார் மூன்றரைக் கடல் மைல். இங்கிருந்து தெரிந்திருக்குமா என்று கேட்பவர்கள் ஒரு கணக்குப் போடலாம்: கண் இருக்கும் உயரத்தின் (மீட்டரில்) வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானத் தூரம் கிலோமீட்டரில் வரும். 12 மீட்டர் மேட்டுக்கு 12 கிலோமீட்டருக்கு மேல். கப்பல் நின்றதோ ஆறேழு கிலோமீட்டரில். மாஸ்ட் மட்டுமல்ல, மேல்தளமும் தெரியும். இரவில் காரின் முகப்பு விளக்கு அங்கிருந்து பளிச்சென்று தெரியும்.

வாக்கருடைய பெயர் நிலைத்தது அந்த விளக்கில்தான். அவருடைய நேரம் இரவு 9 முதல் 12. இந்த மேட்டில் காரை நிறுத்தி ரேடியோ கேட்கும் ஜோடிகளை விளக்கை அணைத்து அணைத்து எரிக்கச் சொல்வார், அவர்கள் எரிப்பார்கள், அதற்குப் பதிலாக இவர் மைக்கில் பேசுவார், பாட்டை அவர்களுக்கென்று போடுவார். ‘ஃப்ரின்டன் ஃப்ளாஷிங்’ என்று பெயரே வந்துவிட்டது. நேயர் வரிசை தொலைபேசி, குறுஞ்செய்தி எதுவும் இல்லாத காலம். கடிதம் எழுதினால் டெண்டர் வழியாகப் போய்ச் சேரப் பல நாள் ஆகும். பேசிய அடுத்த நொடியே நேயரின் பதிலைக் கண்ணால் பார்த்த டிஜே வேறு யார்?

இதில் அலைகளின் வேலையும் இருக்கிறது. மத்திய அலை பகலில் தரையை ஒட்டி ஓடும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், கடல் மேல் அந்தத் தரையலை நிலத்தில் தேய்வதைவிட மிகக் குறைவாகவே தேய்கிறது. இருட்டியதும் வானத்தின் மின்னேற்ற அடுக்குகளில் கீழே உள்ளது அலைகளை உறிஞ்சுவதை நிறுத்திவிடும். ஐரோப்பாவின் தூர நிலையங்களெல்லாம் மேலே பட்டுத் திரும்பி வந்து விழும். லண்டனுக்கு அப்பால் கரோலைன் அலைந்தும் தேய்ந்தும் கேட்கும். கடலோரத்தில் கேட்பவருக்கு மட்டும் இரவிலும் அசையாத தரையலை கிடைக்கும். 9 மணிக்கு மேல் யாருக்குத் தெளிவாகக் கேட்குமோ, அவர்களை நோக்கியே வாக்கர் பேசினார். நாடு முழுவதற்கும் பேசுவதை விட்டு ஒரு காருக்குள் இருக்கும் இருவரிடம் பேசும் பழக்கம் இங்கேதான் வந்தது என்பது இந்தக் கட்டுரையின் துணிபு.

அலைவரிசை எண்ணிலும் ஒரு சின்ன விளையாட்டு உண்டு. தொடக்கத்தில் 1520 கிலோஹெர்ட்ஸ். கணக்குப்படி 197 மீட்டர். ஆனால் ‘199’ என்றுதான் சொன்னார்கள். பிறகு 1187 கிலோஹெர்ட்ஸ். கணக்குப்படி சுமார் 253 மீட்டர். அதை ‘259’ என்றார்கள். இரண்டும் ‘நைன்’ என்று முடியும். கரோலைனோடு எதுகை சேரும். அன்றைய ரேடியோக்களின் முள் அந்த அளவு துல்லியமாகக் காட்டாது என்பதால் யாரும் வழி தவறவில்லை.

இரண்டு அலைவரிசைக்கும் நடுவில் ஒரு விபத்து. 1966 ஜனவரி 20 இரவு, பனிப்புயலில் மி அமிகோவின் நங்கூரம் பிடி விட்டது. மேட்டில் தெற்கு நோக்கி ஹாலண்ட்-ஆன்-சீ பக்கம் நடந்தால் கப்பல் தரை தட்டிய கடற்கரை. அங்கே மணல் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய தடுப்புகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றில் மோதியிருந்தால் அடிப்பாகம் பிளந்திருக்கும். கப்பல் அவற்றுக்கு இடையில் வந்து உட்கார்ந்தது. கரையிலிருந்து கயிறு எய்து, அதில் தொங்கும் மிதவைத் தொட்டியில் ஒவ்வொருவராக இழுத்து இறக்கினார்கள்.

இது ஏன் நடக்கிறது? கிழக்குக் கரையில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஓதம் திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் கப்பல் நங்கூரத்தைச் சுற்றி அரை வட்டம் போடும். ஓடிக்கொண்டிருக்கும் கப்பல் எப்போதாவதுதான் நங்கூரம் போடும். வானொலிக் கப்பல் மாதக்கணக்கில் அதே சங்கிலியில் நிற்கிறது. முறுக்கை விடுவிக்கும் சுழல்வளையம் துருப்பிடித்தால் சங்கிலி முறுக்கிக்கொள்ளும். கண்ணிகள் ஒன்றோடொன்று தேய்ந்து மெலியும். இருட்டில், பனியில், கரை விளக்கு தெரியாத நேரத்தில் கப்பல் நகர்வதை உள்ளே இருப்பவர்கள் உணரவே மாட்டார்கள். ஆட்டம் அதே ஆட்டம்தான். இரண்டு கரை அடையாளங்களின் திசையை மணிக்கொரு முறை காம்பஸில் குறிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

மி அமிகோவை மிதக்கவிட்டு ஹாலந்தின் ஸான்டாமுக்கு இழுத்துப் போய்ச் சீர் செய்தார்கள். திரும்பி வந்தபோது 10 கிலோவாட்டுக்குப் பதிலாக 50 கிலோவாட்டும் 259உம் இருந்தன. அந்த இடைவெளியில் கரோலைன் ஓயவில்லை. சுவீடனின் கடல் நிலையமான ரேடியோ சிட்டின் பிரிட் வாட்னர் தன் சீட்டா 2 கப்பலை இரவல் கொடுத்தார்.

இரவு மேட்டிலேயே இருந்து 1967 ஆகஸ்ட் 14ஐ நினைத்துப் பார்க்கலாம். அன்று நள்ளிரவு முதல் கடல்சார் ஒலிபரப்புக் குற்றச் சட்டம். கப்பலில் வேலை செய்வது, சாமான் கொண்டுபோய்க் கொடுப்பது, விளம்பரம் தருவது எல்லாம் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை. இன்னொரு கப்பல் நிலையமான ரேடியோ லண்டன் அன்று பிற்பகல் 3 மணிக்கே மூடிவிட்டது. மி அமிகோவில் ராபி டேலும் ஜானி வாக்கரும் மைக் முன் இருந்தார்கள். மணி பன்னிரண்டைத் தாண்டியதும் வாக்கர் தொடர்ந்து பேசினார். அந்த நொடியிலிருந்து அவர் தன் நாட்டில் குற்றவாளி. வயது 22.

நாள் 3 – ரெட் சாண்ட்ஸ்

தேம்ஸ் முகத்துவாரம். விட்ஸ்டபிள் கரையிலிருந்து தெளிந்த நாளில் அடிவானத்தில் கால் முளைத்த பெட்டிகள் போலத் தெரியும். 1943இல் கை மான்செல் வடிவமைத்த விமான எதிர்ப்புக் கோட்டைகள். ஏழு கோபுரம் ஒரு கோட்டை: நடுவில் கட்டுப்பாட்டுக் கோபுரம், சுற்றிலும் பீரங்கிக் கோபுரங்கள், தள்ளி ஒரு தேடுவிளக்கு. இடையில் இரும்பு நடைபாலங்கள். கோடையில் படகுப் பயணம் உண்டு. மேலே ஏற விடமாட்டார்கள், சுற்றி வரலாம். முன்பதிவு செய்தாலும் காற்று பியூஃபோர்ட் அளவுகோலில் நான்கைந்தைத் தாண்டினால் ரத்து என்று எதிர்பார்த்தே போக வேண்டும்.

இங்கே ரேடியோ 390 ஓடியது, 1965 முதல் 1967 வரை. பக்கத்து ஷிவரிங் சாண்ட்ஸில் ரேடியோ சிட்டி. தட்டு குதிக்காது, வாந்தி வராது, மாஸ்டை நிலத்தில் நிறுத்துவது போலவே நிறுத்தலாம். கஷ்டம் ஏறுவதில்தான், டீசல் பீப்பாயிலிருந்து டிஜே வரை எல்லாம் கயிறு சுற்றித் தூக்கும் வின்சில் தொங்கி மேலே போக வேண்டும்.

ஆனால் கோட்டைக்கு நகர முடியாது. வற்றத்தில் வெளியே தெரியும் மணல்திட்டு ஒன்று கரைக்கு அருகில் இருந்தால், எல்லைக்கடலை அந்தத் திட்டிலிருந்து அளக்கலாம் என்று சட்டம். 390 மீதான 1966 வழக்கில் இதுதான் வாதம். அபராதம் 100 பவுண்ட். கப்பலாக இருந்தால் நங்கூரத்தைத் தூக்கிக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருப்பார்கள். கோட்டைகள் சட்டத்துக்கு முதலில் அகப்பட்டதன் காரணம் இவ்வளவுதான்.

நாள் 4 – பிளாக்வாட்டர் ஆறு, ராஸ் ரிவெஞ்ச்

வாக்கர் வேலை பார்த்த மி அமிகோ இன்று இல்லை. 1980 மார்ச் 19–20 இரவு லாங் சாண்ட் மணல்திட்டின் மேல் அடிபட்டு மூழ்கியது. ஷீர்னெஸ் உயிர்காப்புப் படகு ஆட்களைக் காப்பாற்றியது. கப்பல் போன பிறகும் அதன் மாஸ்ட் பல ஆண்டு தண்ணீருக்கு மேல் நின்றது. ஆகவே கடல் ஸ்டுடியோ என்றால் என்ன என்று உள்ளே போய்ப் பார்க்க இப்போது இருப்பது கரோலைனின் அடுத்த கப்பல்தான். 1960இல் பிரெமர்ஹாஃபெனில் ஐஸ்லாந்து மீன்பிடிக் கப்பலாகக் கட்டப்பட்ட ராஸ் ரிவெஞ்ச். 2002இல் மூடப்பட்ட பிராட்வெல் அணுமின் நிலையத்தின் எதிரில் ஆற்றில் நங்கூரமிட்டிருக்கிறது. வெஸ்ட் மெர்சியிலிருந்து முன்பதிவுப் படகு. ஏணி செங்குத்தாக இருக்கும். ரப்பர் அடிச்செருப்பு போட்டு, இரண்டு கையும் காலியாகப் போக வேண்டும்.

முதலில் ஸ்டுடியோ. 45 ஆர்பிஎம் தட்டைத் தயார் செய்வது இப்படி: ஊசியைப் பள்ளத்தில் வைத்து, கையால் சுற்றி முதல் சத்தம் வரும் இடத்தைக் கண்டு, அங்கிருந்து கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை பின்னுக்கு இழுக்க வேண்டும். தட்டுக்குக் கீழே கம்பளித் துணி வட்டம். மோட்டார் ஓட, தட்டை விரலால் பிடித்து நிறுத்தி, நேரம் வந்ததும் விட வேண்டும். பின்னுக்கு இழுத்தது குறைந்தால் தட்டு வேகம் பிடிப்பதற்குள் சத்தம் வந்து, முதல் சுரம் இழுத்தாற்போல் கேட்கும். அதிகமானால் வெற்று மௌனம். நிலத்தில் இது ஒரு வாரப் பயிற்சி.

கப்பலில், ஊசியைத் தாங்கும் பிக்கப் கையே பக்கவாட்டில் ஆட ஆரம்பிக்கும். உருளும் கப்பலில் ஒரு பக்கம் சாயும்போது கை தன் எடையால் அந்தப் பக்கம் நழுவப் பார்க்கும். பள்ளத்தின் சுவர் தாங்காவிட்டால் ஊசி குதிக்கும். கைவைத்தியம், பிக்கப் தலையில் ஒரு நாணயத்தை ஒட்டுவது. குதிப்பது குறையும், ஆனால் தட்டு சீக்கிரம் தேயும். அதிர்வெண் அதிகமுள்ள ஒலிகள் முதலில் மங்கும். விற்பனைப் பட்டியலில் வந்து ஒரு நாளில் பலமுறை போடும் முதல் நாற்பது பாட்டுக்கு இது பெரிய நஷ்டம். புதுப் பிரதி அடுத்த டெண்டரில்தான் வரும். இன்னும் கனம் கூட்டினால் தட்டின் சுற்று வேகமே குறையும். ஆகவே அனுபவசாலிகள் எடையோடு நிற்கவில்லை. அலையின் தாளத்தைக் காலால் உணர்ந்து, பெரிய சாய்வு வருவதற்கு முன் பேச்சைத் தொடங்கிவிடுவார்கள். ஊசி குதித்தால் அது பேச்சுக்குக் கீழே மறைந்துவிடும். அடுத்த டர்ன்டேபிளில் இன்னொரு பாட்டு எப்போதும் தயாராக நிற்கும். எழுதி வைத்துப் படிப்பவரால் இதைச் செய்ய முடியாது. எங்கே வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளக்கூடிய பேச்சு வேண்டும்.

நிலையத்தின் பெயரைப் பாடும் சிறு துண்டான ஜிங்கிளும் விளம்பரமும் கார்ட்ரிட்ஜ் டேப்பில். முனை முனையோடு ஒட்டிய முடிவிலா நாடா. நடுவிலிருந்து உரிந்து வெளிச்சுற்றில் சேரும். வழுக்குவதற்காக நாடாவின் முதுகில் கிராஃபைட் பூச்சு. ஒலிக்குப் பக்கத்துத் தடத்தில் பதிந்த ஒரு குறிப்பொலி, நாடாவை மறுபடி தொடக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும். உப்பு ஈரத்தில் பூச்சு பிசுபிசுத்தால் சுற்று இறுகி நாடா நின்றுவிடும்; நாடாவை அழுத்தும் ரப்பர் உருளையில் எண்ணெய் ஆவி படிந்தால் வழுக்கி ஜிங்கிள் அழும். ஸ்பிரிட் தொட்ட துணியால் தினமும் உருளையையும் தலையையும் துடைக்க வேண்டும். ரேடியோ லண்டன் டாலஸ் நகரின் பாம்ஸ் நிறுவனத்திடம் ஜிங்கிள் வாங்கியது. பிறகு பிபிசி ரேடியோ 1ம் அவர்களிடமே போனது.

இனி ஏரியல். அலைநீளத்தில் நாலில் ஒரு பங்கு உயரம் இருந்தால் மாஸ்ட் நன்றாக இழுக்கும். 197 மீட்டருக்கு நாலில் ஒரு பங்கு 49 மீட்டர், சுமார் 162 அடி. மி அமிகோவின் மாஸ்ட் ஏறக்குறைய அந்த உயரம்தான். 266 மீட்டரில் பேசிய ரேடியோ லண்டனின் கேலக்ஸி கப்பலில் 200 அடிக்கு மேல். ராஸ் ரிவெஞ்ச் எல்லோரையும் மிஞ்சி 300 அடி ஏற்றியது. அது தலைகனத்துக் கவிழாமலிருக்க மீன் வைக்கும் அறையில் கான்கிரீட் கொட்டினார்கள். ‘எர்த்’ பற்றிக் கவலையே இல்லை. இரும்பு உடம்பு உப்புநீரில் உட்கார்ந்திருக்கிறது. நிலத்தில் இதற்காகக் கிலோமீட்டர் கணக்கில் செம்புக் கம்பி புதைப்பார்கள்.

கவலை மேலே இருக்கிறது. மாஸ்டைப் பிடிக்கும் கம்பிகளை முட்டை வடிவப் பீங்கான் இன்சுலேட்டர்கள் வைத்துத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவையே ஏரியலாகிச் சக்தியை விழுங்கும். அந்தப் பீங்கான் மேல் அலைத்துளி காய்ந்து உப்புப் படலம் ஏறும். காய்ந்த உப்பு கெடுதல் செய்யாது. மூடுபனியில் நனைந்ததும் மின்சாரம் கடத்தும், நீல மின்வில் பாயும், ட்ரான்ஸ்மிட்டர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். மருந்து நல்ல தண்ணீரில் கழுவுவதுதான். நல்ல தண்ணீரோ டெண்டரில் வருவது. குளிக்க அளவு வைத்த கப்பலில் இன்சுலேட்டருக்குத் தண்ணீர் அளவில்லாமல் போகும், அது நியாயமும்கூட.

கம்பிகளின் முறுக்காணியைத் தினமும் பார்க்க வேண்டும். கப்பல் முன்னும் பின்னும் ஆடும்போது ஒரு பக்கக் கம்பி தளரும், மறுபக்கம் இறுகும். நாளில் ஆயிரக்கணக்கான தடவை. உலோகம் களைக்கும். 1987 அக்டோபர் பெரும்புயலைத் தாங்கிய 300 அடி மாஸ்ட், ஆறு வாரம் கழித்து நவம்பர் 25 அதிகாலையில் விழுந்தது.

ஜெனரேட்டர் அறையில் நினைவில் வைக்க ஒன்று: கடல் கொந்தளிக்கும்போது டீசல் தொட்டியின் அடியில் படிந்த நீரும் துருவும் கலங்கி மேலே வரும், வடிகட்டி அடைத்து இன்ஜின் நிற்கும். நிலையம் நின்று போவது பெரும்பாலும் புயலின் நடுவில் என்பதற்குக் காரணம் இதுதான். இரண்டு ஜெனரேட்டர், கையெட்டும் இடத்தில் மாற்று வடிகட்டி, மாற்றும் பழக்கமுள்ள ஒருவர். அந்த ஒருவர் பல நேரம் டிஜேயே.

பகலில் மேல்தளத்தில் டிரான்சிஸ்டரை 648 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். 2017 டிசம்பர் முதல் கரோலைன் உரிமம் பெற்ற நிலையம். ட்ரான்ஸ்மிட்டர் கரையில், சஃபோக்கின் ஆர்ஃபோர்டு நெஸ்ஸில், முன்பு பிபிசி உலகச் சேவை இருந்த இடத்தில். ரேடியோவைக் கிடைமட்டமாகத் திருப்பிப் பார்த்தால் ஓரிடத்தில் ஒலி மறையும். உள்ளிருக்கும் ஃபெரைட் தண்டின் முனை அப்போது வடகிழக்கே ஆர்ஃபோர்டு நெஸ்ஸை நோக்கியிருக்கும்.

நாள் 5 – ஹாலந்துக் கரை

ஹாரிச் இன்டர்நேஷனலிலிருந்து ஹூக் ஆஃப் ஹாலண்டுக்குக் கப்பல், ஆறேழு மணி நேரம். அங்கிருந்து ராட்டர்டாம், ஆம்ஸ்டர்டாம்.

சட்டம் வந்த பிறகு கரோலைனின் அலுவலகம் ஆம்ஸ்டர்டாமுக்கு மாறியது. டெண்டர் வந்தது எய்மெய்டன் துறைமுகத்திலிருந்து. ஹாரிச்சிலிருந்து ஒரு மணி, ஒன்றரை மணிப் பயணமாக இருந்தது 200 கிலோமீட்டருக்கு மேலாயிற்று. பத்து நாட் (மணிக்குப் பத்துக் கடல் மைல்) வேகத்தில் ஏறக்குறைய அரை நாள். வானிலை ஒன்றிரண்டு மணி நேரம் இடம் கொடுத்தால் போதும் என்ற நிலை போய், இரண்டு நாள் தொடர்ந்து அமைதி வேண்டும் என்றாயிற்று. செலவும் தாமதமும் கூடின, பிரிட்டிஷ் விளம்பரம் நின்றது. வாக்கரும் மற்றவர்களும் அந்தக் குளிர்காலத்தை இப்படித்தான் ஓட்டினார்கள். 1968 மார்ச் 3, அதிகாலை ஒலிபரப்பு தொடங்குமுன், வெய்ஸ்முல்லர் நிறுவனத்தின் இழுவைக் கப்பல் மி அமிகோவில் கயிறு கட்டியது. டெண்டர் பாக்கி கொடுக்கப்படவில்லை. ஐல் ஆஃப் மேனிலும் அன்றே. சட்டத்தால் நிறுத்த முடியாததைக் கடன் நிறுத்தியது. டிஜேக்களுக்கு நேயர்களிடம் விடைபெறக்கூட நேரம் இல்லை.

ஆம்ஸ்டர்டாம் ஹவுட்ஹாஃபென் பகுதியில் ரெம் ஐலண்ட் பார்க்க வேண்டியது. 1964இல் நோர்ட்வைக் எதிரில் கடலடியில் ஊன்றிய இரும்பு மேடையிலிருந்து வானொலியும் தொலைக்காட்சியும் ஒலிபரப்பினார்கள். டச்சுக் கடற்படை அந்த டிசம்பர் 17 அன்று இறங்கி நிறுத்தியது. மேடையை 2006இல் கழற்றினார்கள், இப்போது உணவகம். மேலே ஏறினால், சிறிய இரும்புத் தளத்தில் காற்று எப்படி அடிக்கும் என்பது புரியும். ஸ்கெவனிங்கன் கடற்கரைக்கும் நேரம் இருந்தால் போகலாம். 1960 முதல் ஓடிய ரேடியோ வெரோனிகாவின் நோர்டர்னி கப்பல் 1973 ஏப்ரல் 2 புயலில் இங்கே மணலில் ஏறியது. மறுபடியும் நங்கூரச் சங்கிலிதான்.

நாள் 6 – லண்டன்

மேஃபேரில் செஸ்டர்ஃபீல்டு கார்டன்ஸ் 6ஆம் எண் கட்டடம் ஒரு காலத்தில் கரோலைன் ஹவுஸ். வடக்கே இருபது நிமிடம் நடந்தால் போர்ட்லண்ட் பிளேஸில் பிபிசி பிராட்காஸ்டிங் ஹவுஸ். 1967 செப்டம்பர் 30 காலை 7 மணிக்கு இங்கே ரேடியோ 1 தொடங்கியது. முதல் குரல் டோனி பிளாக்பர்ன், அவரும் கப்பலிலிருந்து வந்தவர். தானே தட்டைப் போட்டு, தானே அளவைத் திருகி, தானே பேசும் முறை பிபிசிக்குப் புதிது. அதுவரை ஒருவர் பேசுவார், கண்ணாடிக்கு அப்பால் இன்னொருவர் தட்டு வைப்பார். நடுக்கடலில் ஆளில்லாமல் பழகிய கைவேலை நாட்டின் வழக்கமாயிற்று.

சட்டத்தை மீறிக் கடைசி வரை நின்ற வாக்கருக்கு இந்தக் கதவு உடனே திறக்கவில்லை; 1969இல்தான் ரேடியோ 1. 1976இல், எந்தப் பாட்டு போட வேண்டும் என்று பட்டியல் கொடுப்பது ஒத்துவராமல் வெளியேறிச் சான்ஃபிரான்சிஸ்கோ போனார். திரும்பி வந்து ரேடியோ 2இல் மாலை நிகழ்ச்சி, 2009 முதல் ஞாயிறுதோறும் எழுபதுகளின் பாடல்கள். அவரது பழைய பதிவுகளைக் கேட்பவர்கள் இரண்டைக் கவனிக்கலாம். பாட்டின் முன்னிசை முடிந்து பாடகர் வாய் திறக்கும் கணத்துக்குச் சற்று முன் பேச்சு நின்றுவிடும். ‘நீங்கள் எல்லோரும்’ என்பது அபூர்வம். ஒருவரிடம் பேசுவதுபோலவே இருக்கும்.

நுரையீரல் இறுகும் நோய் முற்றியபோது டார்செட் வீட்டிலிருந்தே நிகழ்ச்சி நடத்தினார். 2024 அக்டோபர் 27 கடைசி. டிசம்பர் 31 அன்று, 79 வயதில் காலமானார்.

ஃப்ரின்டனுக்கு இன்னொரு முறை போகிறவர்கள் இரவு 9 மணிக்கு மேல் போங்கள். டிரான்சிஸ்டரை 648இல் வைத்து, தெருவிளக்குகளை விட்டு விலகிப் புல்வெளியின் கடலோர விளிம்புக்கு வாருங்கள், எல்.இ.டி. விளக்கின் இரைச்சல் அங்கே குறையும், கடல் வழி வரும் தரையலை கூடும்.